நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே

லூசியானாவின் இந்தத் தாழ்நிலத்தில்
எல்லாமே நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே.
வீட்டுக்குக் கால் முளைத்திருக்கிறது,
தபால் பெட்டிக்கும்,
செத்தவர்களின் சிமெண்டுப் பெட்டிக்கும்.
நத்தைக்கு யார் சொன்னார்களோ,
அதுவும் அதே அளவில் இடுகிறது:
மதகுக் குழாயின் வாயில், நாணல் தண்டில்,
யாரோ கட்டிவிட்டுப் போன படகின் விலாவில்
மென்று ஒட்டிய பபிள்கம் நிறத்தில்
முட்டைக் கொத்து.

என் வேலை சுரண்டுவது.
வடிகால் துறை கொடுத்தது
பெயிண்ட் சுரண்டும் தகடு, நீளக் கழி, கையுறை.
வெறுங்கையால் தொடாதே, விஷம் என்றார்கள்.
நசுக்கக்கூட வேண்டாம்,
தண்ணீருக்குள் தள்ளு, மூழ்கிச் செத்துவிடும்.
நீரில் வாழப் போகிற ஒன்று
பிறக்கும் முன் நீரில் மூழ்கிச் சாகும் என்பதை
முதல் வாரம் நான் நம்பவில்லை.

அல்சீத் லாரி ஓட்டுவான், நான் எண்ணுவேன்.
பதினேழாம் வடிகாலில் மட்டும் செவ்வாயன்று
இருநூற்றுப் பன்னிரண்டு கொத்து.
வியாழனன்று அதே இடம், இருநூற்று நாற்பது.
நத்தை வேகம் என்று
இனி யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

நோலன் கித்ரியின் குளத்தில்
சிங்கி இறாலுக்கு வைத்த கூண்டைத் தூக்கினால்
கம்பி வளைகிறது.
உள்ளே கல் கல்லாய் நத்தை,
அடியில் நசுங்கி மூன்றே மூன்று இறால்.
மருந்து போட்டால் நத்தை சாகும், இறாலும் சாகும்.
குளத்தை வற்ற விட்டால்
சேற்றில் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு
மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும்,
வங்கிக்காரன் வரும் நாளில் நோலன் இருப்பதுபோல.

எலுமிச்சைப்புல் போட்டு வேகவைத்தால் என்ன
என்று கேட்டாள் துயெத்.
மூளைக்குள் புழு ஏறும் என்ற நோட்டீஸைக் காட்டினேன்.
"மீகாங் கரையில் நாங்கள் தின்றோம்" என்றாள்,
"தின்றும் தீரவில்லை."

போன வருஷம் ஒரு பறவை வந்தது.
புள்ளி விழுந்த பழுப்புக் கழுத்து,
நத்தைக்கென்றே வளைந்த அலகு.
ஃப்ளோரிடாவிலிருந்து, யாரும் கூப்பிடாமல்.
இரவில் அது கத்துவது
திறக்காத கதவின் முன் ஒரு பெண் கத்துவதுபோல.
முதல் இரவு அல்சீத்
டார்ச்சோடு கரைக்கே ஓடியிருக்கிறான்.
கரையில் ஒருவரும் இல்லை.
காலி ஓடுகள், ஒரு குவியல்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருத்தி
படிவத்தோடு வந்தாள்.
முதலில் எங்கே தொடங்கியது என்று தேடுகிறாளாம்.
வீட்டில் மீன்தொட்டி இருந்ததா?
இருந்தது, மீன் மட்டும் என்றேன்.

அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில்
கூடத்தில் தண்ணீர் இடுப்பளவு.
ஏமிலைத் தோளில் ஏற்றி வாசலில் நின்றேன்.
மேஜை மேல் அவன் தொட்டி;
வெள்ளம் அதன் விளிம்பைத் தொட்டது, தாண்டியது, அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் ஒரே தண்ணீர்.
பொத்தான், திருமதி பொத்தான்
என்று பெயர் வைத்திருந்தான் அவற்றுக்கு.
பாசியை நக்கிச் சுத்தம் செய்யும் என்று
கடைக்காரன் தலைக்கு எழுபத்தைந்து சென்ட்டுக்கு விற்றவை.
என்ன சாதி என்று அவனுக்கே தெரியாது.
மஞ்சளாய், சாவகாசமாய்
சோபாவைத் தாண்டி, கதவைத் தாண்டி...
பார்த்தேனா,
பிறகு நானே கற்பித்துக்கொண்டேனா.

வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம்.
நாற்பது மைல் தள்ளி, ஆற்றில்
அதற்கும் முன்பே இருந்ததாம்.
ஏமிலுக்கு இப்போது பதினாறு, கேட்பதில்லை.

நேற்று விடாத மழை.
இன்று காலை
எங்கள் வீட்டின் புதுக் காலில்
ஒரு கொத்து, ஈரம் காயாமல்,
தேங்கிய தண்ணீருக்குச் சரியாக ஒரு சாண் மேலே.
எவ்வளவு தூரம் ஏறினால் தப்பலாம் என்று
நாங்களும் இப்படித்தான் அளந்தோம்,
இரவில், கைவிளக்கோடு.

தகட்டை வைத்துத் தள்ளினேன்.
ஓசையில்லாமல் போயிற்று.
குறிப்பேட்டில்
இதை மட்டும் எழுதவில்லை.